பெயரற்ற குற்றம்: ஆண்கள் மீதான பாலியல் வன்முறையும் சட்டத்தின் மௌனமும்

குற்றமொன்றின் வரலாறு, பல வேளைகளில், அதற்கு வழங்கிய பெயரின் வரலாறாகவும் அமைந்துவிடுகின்றது. தமிழில் நெடுங்காலம் வழக்கிலிருந்த 'கற்பழிப்பு' என்னும் சொல்லை எடுத்துக்கொள்வோம். இழைக்கப்பட்ட வன்முறையை அச்சொல் சுட்டுவதில்லை. இழக்கப்பட்டதாகச் சமூகம் கருதிய ஒன்றையே சுட்டுகின்றது. கற்பு பெண்ணுக்கே விதிக்கப்பட்டிருந்த சமூகத்தில், ஆணொருவனும் இக்குற்றத்துக்கு இலக்காகலாம் என்ற எண்ணத்துக்கு அச்சொல்லினுள் இடமிருக்கவில்லை. 'பாலியல் வல்லுறவு' என்ற தொடர் பின்னர் பரவியபோதும், பழைய சொல்லின் பின்னால் நின்ற கருத்து அதனுடன் மறைந்துவிட்டதெனக் கூறமுடியாது.

ஆண்மகன் எதிர்த்து நிற்க வல்லவன், எதிர்க்காதவன் இணங்கியவனே, உடல் கிளர்ச்சியுற்றிருப்பின் உள்ளமும் விரும்பியிருக்கும், இத்தகைய செயல் தன்பால் விருப்புடையோரிடையே மாத்திரம் நிகழ்வது. இவ்வாறான நம்பிக்கைகள் கற்றோரிடையேயும் காணப்படுகின்றன. அறியாமை என்று இவற்றைத் தள்ளிவிடுதல் எளிது. ஆயின் இவை தாமாக நிலைத்து நிற்கவில்லை. சட்டம் இவற்றுக்கு ஒரு நூற்றாண்டுக்கு மேலாக நிழல் கொடுத்துவந்துள்ளது.

1860 ஆம் ஆண்டின் இந்தியத் தண்டனைச் சட்டத்தைப் பெரிதும் தழுவி, 1883 இல் இலங்கையில் தண்டனைச் சட்டக்கோவை ஆக்கப்பட்டது. அதன் 363 ஆம் பிரிவின்படி வல்லுறவு என்பது ஆண் பெண்ணுக்கு இழைக்கும் குற்றம். ஆணுக்கு இழைக்கப்படுவது 365 ஆம் பிரிவிற் சேர்ந்தது. அப்பிரிவு பேசுவதோ 'இயற்கை ஒழுங்குக்கு மாறான' உடலுறவைப் பற்றியது. இங்கு நாம் சற்றுத் தரித்து நோக்குதல் தகும். 363 ஆம் பிரிவில் மையமாயமைந்த சம்மதம் என்ற வினா, 365 இல் எழுவதேயில்லை. இருவர் மனமொத்துச் செய்ததும், ஒருவன் மற்றவனை வலிந்து வருத்தியதும் அங்கு ஒரே குற்றமாயின. குற்றம் இயற்கைக்கு எதிரானது, மனிதனுக்கு எதிரானதன்று! எனவே பொலிசில் முறையிட எண்ணியவன், தானும் அச்செயலின் பங்காளியாகக் கருதப்படலாம் என்று அஞ்சவேண்டியவனானான். தன்பால் விருப்பையும் பாலியல் வன்முறையையும் ஒன்றெனக் கொள்ளும் மயக்கத்துக்கு இதைவிடத் தெளிவான சட்ட வடிவம் இருத்தலரிது.

இச்சட்டங்களை நமக்களித்த இங்கிலாந்திலும் 1994 ஆம் ஆண்டிலேயே ஆண் மீதான வல்லுறவு அப்பெயராற் சட்டத்தில் இடம்பெற்றது. ஐக்கிய அமெரிக்காவின் சமஷ்டிப் புலனாய்வுப் பணியகம் 1927 இல் வகுக்கப்பட்ட வரைவிலக்கணத்தையே குற்றப் புள்ளிவிபரங்களுக்குப் பயன்படுத்தி வந்தது; பெண்ணுக்கு நேர்வது மட்டுமே அதனுள் அடங்கிற்று. அதனை மாற்றும் அறிவித்தல் 2012 சனவரியிலேயே வெளிவந்தது. எண்பத்தைந்து ஆண்டுகள் எண்ணப்படாத ஒன்று அரிதாக நிகழ்வதெனத் தோன்றியதில் வியப்பில்லை.

மருத்துவ உலகு இவ்விடயத்திற் சட்டத்தை முந்திக்கொண்டது. நிக்கலஸ் குரோத், ஆன் பேர்ஜெஸ் ஆகிய இருவரும் 1980 இல் வெளியிட்ட ஆய்வுக் கட்டுரை, குற்றவாளிகளை இயக்குவது காமத்தினும் ஆதிக்கமும் சினமுமே என எடுத்துக்காட்டியது. அவர்களுள் ஒரு பகுதியினர் தம் சொந்த வாழ்விற் பெண்களை நாடியவர்கள். அகப்பட்டவனிடம் வலிந்து உடற்கிளர்ச்சியை உண்டாக்குவதைச் சிலர் உபாயமாகவே கையாண்டனர். அதனால் அவன் தன்னையே ஐயுற்று வாயடைத்துப் போவான். 1982 இல் பிலிப் சரெல், வில்லியம் மாஸ்டர்ஸ் ஆகியோர் பெண்களால் வற்புறுத்தப்பட்ட 11 ஆண்களைப் பற்றி எழுதினர். அச்சத்தின் நடுவிலும் உடல் தன்போக்கில் இயங்கக்கூடும் என்பதை அவர்களது அனுபவம் காட்டிற்று. அஞ்சியவனின் நெஞ்சு படபடப்பதைக் கொண்டு அவன் அச்சத்தை விரும்பினான் என்று எவரும் கூறுவதில்லை. இவ்விடயத்தில் மட்டும் உடலின் சாட்சியத்தை உள்ளத்தின் ஒப்புதலாகக் கொள்வது ஏனோ?

இந்தியாவின் நிலை மேலும் விசித்திரமானது. 2013 பெப்ரவரியில் பிறப்பிக்கப்பட்ட அவசரச் சட்டம் பாதிக்கப்பட்டவரின் பாலைக் குறிப்பிடாது விட்டது. சில வாரங்களின் பின் பாராளுமன்றம் நிறைவேற்றிய சட்டம் மீண்டும் பெண்ணையே குறிப்பிட்டது. 2018 இல் உச்ச நீதிமன்றம் 377 ஆம் பிரிவைச் சுருக்கி, வயதுவந்தோர் மனமொத்துச் செய்வதைக் குற்றமன்றெனத் தீர்த்தபோது, சம்மதமின்றி நிகழ்வதற்கு அப்பிரிவை விட்டுவைத்தது. 2024 யூலை முதல் நடைமுறைக்கு வந்த புதிய சட்டக்கோவையில் அப்பிரிவே இல்லை. அநீதியான பழைய பிரிவு ஒழிந்ததுடன், வயதுவந்த ஆணுக்கு எஞ்சியிருந்த ஒரே புகலிடமும் ஒழிந்தது.

இலங்கையில் 1995 ஆம் ஆண்டின் திருத்தம் வல்லுறவின் வரைவிலக்கணத்தைப் பெண்ணுடனேயே நிறுத்திக்கொண்டது. எனினும் 365ஆ என்ற புதிய பிரிவினால் 'பாரதூரமான பாலியல் துர்ப்பிரயோகம்' என்னும் குற்றம் ஆக்கப்பட்டது. இழைப்பவரும் இலக்காகுபவரும் எப்பாலாராகவும் இருக்கலாம்; சம்மதமின்மையும் அதில் இடம்பெற்றது. இது பெரும் முன்னேற்றம் என்பதில் ஐயமில்லை. ஆனால் அச்செயல் 'பாலியல் இன்பத்துக்காக' புரியப்பட்டிருத்தல் வேண்டும் என்று அப்பிரிவு விதிக்கின்றது. குரோத், பேர்ஜெஸ் ஆகியோர் பதினைந்து ஆண்டுகளுக்கு முன் மறுத்த நம்பிக்கை இங்கு குற்றத்தின் ஒரு கூறாகவே நுழைந்துவிட்டது.

இச்சொற்றொடரின் விளைவு தடுப்புக் காவலில் நிகழும் வன்முறையை நோக்குமிடத்துப் புலனாகும். 1992 இல் பொஸ்னியாவின் செலெபிச்சி முகாமில், தடுத்து வைக்கப்பட்டிருந்த உடன்பிறந்தார் இருவர் பாலியற் செயலொன்றுக்குக் காவலராற் கட்டாயப்படுத்தப்பட்டனர். முன்னாள் யூகோஸ்லாவியாவுக்கான சர்வதேச நீதிமன்றில் அது மனிதத்தன்மையற்ற நடத்தை என்ற பெயரிலேயே வழக்காயிற்று. உரிய முறையிற் குற்றஞ்சாட்டப்பட்டிருப்பின் அது வல்லுறவாகவும் கொள்ளப்பட்டிருக்கலாம் என 1998 நவம்பரில் வழங்கிய தீர்ப்பில் நீதிபதிகள் குறிப்பிட்டனர். அங்கு அடைக்கப்பட்டிருந்தோர் சேர்பியர். ஒமர்ஸ்கா முகாமிலோ முஸ்லிம் கைதிகளே இத்தகைய கொடுமைக்குள்ளாயினர். இவ்வன்முறை எந்த ஓர் இனத்தினதும் தனியியல்பன்று.

நம்மவரின் கதை 2000 ஆம் ஆண்டில் 'லான்செற்' மருத்துவ இதழில் வெளியாயிற்று. இலண்டனில் சித்திரவதைக்குள்ளானோரைப் பராமரிக்கும் மருத்துவ நிலையமொன்றுக்கு 1997, 1998 ஆம் ஆண்டுகளில் அனுப்பப்பட்ட இலங்கைத் தமிழ் ஆண்கள் 184 பேருள் 38 பேர், தடுப்புக் காவலிற் பாலியல் வன்முறைக்குள்ளானதாகக் கூறியிருந்தனர். ஐந்தில் ஒருவருக்கு மேல். கூறாது விட்டோரும் இருந்திருத்தல் கூடும். ஐக்கிய நாடுகளின் மனித உரிமைகள் அலுவலகம் 2015 செப்டெம்பரில் வெளியிட்ட இலங்கை பற்றிய விசாரணை அறிக்கையும், காவலிலிருந்த ஆண்கள் பெண்களைப் போன்றே இக்கொடுமைக்குள்ளானதைப் பதிவுசெய்தது. 1994 ஆம் ஆண்டின் 22 ஆம் இலக்கச் சட்டத்தின்படி இவற்றைச் சித்திரவதையென வழக்கிடலாம். பாலியற் குற்றமென 365ஆ பிரிவின் கீழ் வழக்கிட வேண்டுமாயின், விசாரணை அறையில் மின்கம்பியோடும் தடியோடும் நின்றவன் இன்பம் நாடியே அவ்வாறு செய்தான் என்பதை வழக்குத் தொடுநர் மெய்ப்பித்தாகவேண்டும்.