மிலம்: பூட்டிக் கிடக்கும் கிராமம்

டிசம்பர் மாதம் மிலம் கிராமத்துக்குப் போனால் பேசுவதற்கு ஊர்க்காரர் ஒருவர்கூடக் கிடைக்க மாட்டார். உத்தராகண்டில் முன்சியாரியிலிருந்து கோரிகங்கா நதியை ஒட்டி வடக்கே ஏறிக்கொண்டே போனால் வரும் கடைசி ஊர் இது. உயரம் சுமார் 3,400 மீட்டர். கூரை விழுந்த கல் வீடுகள், செதுக்கு வேலை செய்த மர நிலைகள், எல்லாவற்றின் மேலும் பனி.

"ஆஹா, என்ன அமைதி!" என்று சொல்லத் தோன்றும். ஆனால் இந்த அமைதிக்கு ஒரு கணக்கு இருக்கிறது.

மிலம் எந்தக் காலத்திலும் குளிர்காலத்தில் காலியாகத்தான் இருந்தது. ஜோஹார் பள்ளத்தாக்கின் ஷௌக்கா மக்கள் (அரசாங்க ஏட்டில் போட்டியா) பிறவி வியாபாரிகள். கோடையில் தானியம், துணி, வெல்லம் எல்லாவற்றையும் ஆடுகளின் முதுகில் சிறு சிறு பைகளாகக் கட்டி திபெத்துக்குக் கொண்டு போவார்கள். வழியில் ஊண்டா துரா, ஜயந்தி துரா, குங்ரி பிங்ரி என்று மூன்று கணவாய்கள், எல்லாமே 5,000 மீட்டருக்கு மேல்! திரும்பும்போது உப்பு, கம்பளி, வெண்காரம். அக்டோபரில் வீட்டைப் பூட்டிவிட்டு மொத்த ஊரும் கீழே இறங்கிவிடும். நவம்பரில் ஜௌல்ஜீபி சந்தை, மகர சங்கராந்திக்கு பாகேஸ்வர் சந்தை. அதாவது பனிக்கால மிலம் காலியாக இருந்தால் கீழே வியாபாரம் நடக்கிறது என்று அர்த்தம். கடைக்காரர் கொள்முதலுக்குப் போகும்போது ஷட்டரை இறக்குவாரே, அந்த மாதிரி.

வியாபாரம் நடந்த விதம் இன்னும் சுவாரஸ்யம். கண்டவரோடும் வியாபாரம் கிடையாது. ஒவ்வொரு ஷௌக்கா வியாபாரிக்கும் திபெத்தில் ஒரு 'மித்ரா' உண்டு. உறவு ஏற்படும்போது ஒரு கல்லை இரண்டாக உடைத்து ஆளுக்குப் பாதி வைத்துக்கொள்வார்களாம். அடுத்த தடவை மகனோ வேலைக்காரனோ வந்தாலும் இரண்டு பாதியும் பொருந்தினால் சரக்கு கை மாறும். (இன்றைக்குப் பத்துப் பக்க ஒப்பந்தம் போட்டும் கோர்ட்டில் நிற்கிறார்கள்.) இந்த உறவு அப்பாவிடமிருந்து மகனுக்குச் சொத்து போல வரும். பேலன்ஸ் ஷீட்டில் 'குட்வில்' என்று ஒரு வரி இருக்குமே, அதைக் கையில் பிடித்துப் பார்க்க முடிந்த இடம் உலகத்திலேயே மிலமாகத்தான் இருக்கும்!

நைன் சிங் ராவத் இந்த ஊர்க்காரர்தான். 1830-ல் பிறந்தவர், பள்ளி ஆசிரியர். வெள்ளைக்காரர் நுழைய முடியாத திபெத்தை அளந்து வர பிரிட்டிஷ் சர்வே இலாகா 1865-ல் அவரை அனுப்பியது. வியாபாரி வேஷம். மிலம்காரருக்கு அது கஷ்டமா என்ன? 108 மணிக்குப் பதில் 100 மணி கோத்த ஜபமாலை, நூறு அடிக்கு ஒரு மணி. குறிப்புச் சீட்டுகள் பிரார்த்தனைச் சக்கரத்துக்குள். இப்படியே எண்ணி எண்ணி நடந்து 1866 ஜனவரியில் லாசா போய்ச் சேர்ந்தார். 1877-ல் லண்டன் ராயல் ஜியாகிரபிகல் சொசைட்டியின் தங்கப் பதக்கம் கிடைத்தது. இந்தியா தபால்தலை வெளியிட 2004 ஆனது.

சரி, பூட்டு எப்போது நிரந்தரமானது? 1954-ல் இந்தியாவும் சீனாவும் போட்ட ஒப்பந்தத்தில் வியாபாரிகள் போய்வர ஆறு கணவாய்கள் குறிப்பிடப்பட்டன. குங்ரி பிங்ரியும் அதில் ஒன்று. எட்டு வருட ஒப்பந்தம். 1962 ஜூனில் காலாவதியாகி, புதுப்பிக்கப்படவில்லை. அக்டோபரில் யுத்தம். ஒரு மாதம்தான் நடந்தது, ஆனால் பல தலைமுறைத் தொழில் முடிந்துபோனது. உடைத்த கல்லின் மறு பாதி அந்தப் பக்கமே தங்கிவிட்டது.

வியாபாரம் இல்லாமல் அத்தனை உயரத்தில் என்ன செய்வது? கம்பளி போனது, ஆட்டு மந்தைகள் குறைந்தன, குடும்பங்கள் முன்சியாரியிலும் அதற்குக் கீழேயும் நிலைத்துவிட்டன. 1967-ல் பழங்குடி அந்தஸ்து கிடைத்தது. அதைப் பிடித்துக்கொண்டு படித்து அரசு வேலைக்குப் போனவர்கள் நிறையப் பேர். அவர்களுக்கு நல்லதுதான் நடந்தது. ஊருக்குத்தான் நடக்கவில்லை.

1992-ல் லிபுலேக் கணவாய் மட்டும் வியாபாரத்துக்கு மறுபடி திறந்தது. அது வேறு பள்ளத்தாக்கு. குங்ரி பிங்ரி திறக்கவில்லை. கோடையில் இன்னும் சில குடும்பங்கள் மிலம் ஏறி வந்து உருளைக்கிழங்கு போடுகின்றன. அக்டோபர் வந்ததும் பழைய வழக்கப்படியே கதவைப் பூட்டிக்கொண்டு இறங்குகிறார்கள். கீழே கொண்டு போய் விற்கத் திபெத்துக் கம்பளிதான் இல்லை.