பூச்சிமருந்து எச்சம்

பயிர்களைப் புழு பூச்சிகளிடமிருந்து காக்கும்பொருட்டுத் தெளிக்கப்படும் இரசாயன மருந்துகளில், அறுவடைக்குப் பின்னும் தானியம், காய், கனி, பால் முதலிய ஆகாரப் பொருள்களில் தங்கிவிடும் பகுதியும், அது சிதைவதால் தோன்றும் பொருள்களும் பூச்சிமருந்து எச்சம் எனப்படும்.

வரலாறு: 1939இல் பால் முல்லர் என்னும் சுவிஸ் விஞ்ஞானி டி.டி.டி.யின் பூச்சி கொல்லும் குணத்தைக் கண்டறிந்தபின் இம்மருந்துகள் உலகெங்கும் பரவின. எளிதில் சிதையாமல் கொழுப்பில் கரைந்து நிற்கும் இயல்பினதாகையால், டி.டி.டி. பாலிலும் தாய்ப்பாலிலுங்கூடக் காணப்பட்டது. இந்தியாவில் 1958ஆம் ஆண்டில், பாலிடால் என்று வழங்கும் பாராதியான் மருந்து கப்பலில் உணவு மூட்டைகளுடன் ஒருங்கே ஏற்றப்பட்டு ஒழுகியதால் நஞ்சேறிய கோதுமை மாவை உண்டு, கேரளத்தில் நூற்றுக்கு மேற்பட்டோர் மாண்டனர். இந்த அனர்த்தத்தை ஆராய்ந்த விசாரணையின் தொடர்ச்சியாகவே 1968இல் பூச்சிக்கொல்லிச் சட்டம் பிறந்தது.

அளவும் வரம்பும்: ஒவ்வொரு விளைபொருளிலும் இருக்கத்தக்க எச்சத்தின் உச்சவரம்பு, கிலோவுக்கு இத்தனை மில்லிகிராம் என வகுக்கப்படுகிறது. ஆயினும் மனித சரீரத்துக்குள் சேர்வது ஒரு காயின் எச்சமன்று; அன்றாடம் உண்ணும் சோறு, குழம்பு, பால், பழம் அனைத்தின் கூட்டுத்தொகையாகும். ஆதலால், பிராணிகளில் தீங்கு விளைவிக்காத அளவைப் பெரும்பாலும் நூறால் வகுத்து, தினந்தோறும் ஏற்கத்தக்க அளவை உடல் எடைக்கேற்ப நிர்ணயிக்கின்றனர். குளோர்பைரிபாஸ் மருந்துக்கு உலக நிபுணர் குழு 1999இல், உடல் எடையில் கிலோவுக்கு எனக் குறித்த 0.01 மில்லிகிராமைக் கொண்டு கணக்கிட்டால், 60 கிலோ எடையுள்ளவருக்கு நாளொன்றுக்கு 0.6 மில்லிகிராமும், 12 கிலோ எடையுள்ள குழந்தைக்கு 0.12 மில்லிகிராமும் எல்லையாகும். குழந்தையோ தன் எடையை நோக்கப் பெரியவரைவிட அதிகமாகவே உண்கிறது. இம்மருந்துக்குப் பாதுகாப்பான அளவென ஒன்றை நிர்ணயிக்க இயலாதென்று ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2019இல் முடிவு கூறியமை, வரம்புகளும் ஆராய்ச்சி வளர வளரத் திருத்தத்துக்கு உரியவையே என்பதைப் புலப்படுத்துகிறது.

தடுப்பு: ஓடும் நீரில் தேய்த்துக் கழுவுதலும் தோல் சீவுதலும் மேற்பரப்பில் படிந்ததைக் குறைக்கும்; ஆனால் வேர் வழியாகவோ இலை வழியாகவோ பயிரினுள் ஊடுருவும் இமிடாகுளோபிரிட் போன்றவற்றை முற்றும் அகற்றா. எனவே, கடைசித் தெளிப்புக்கும் அறுவடைக்கும் இடையே விடவேண்டிய நாள்களைத் தவறாது அனுசரிப்பதே தலையாய காவலாகும். இரண்டொரு நாளுக்கு ஒருமுறை பறிக்கப்படும் வெண்டை, கத்தரி போன்றவற்றில் இவ்விதியைக் காப்பது கடினம். ஆகவே அத்தகைய பயிர்களுக்கு விரைவில் சிதையும் மருந்துகளைத் தெரிந்தளிப்பதும், மருந்தின்றியே பூச்சியைக் கட்டுப்படுத்தும் முறைகளைக் கற்பிப்பதும், சந்தைக்கு வரும் காய்களை இடைவிடாது பரிசோதிப்பதும் அரசின் நீங்காக் கடமைகளாம்.