கோட்டு சூட்டைக் கழட்டின ஆடிட்டர்

ஆட்குறைப்புன்னு பேச்சு கிளம்பினாலே நம்ம ஐடி மக்கள் முதல்ல செலவைத்தான் வெட்டுவோம். எதை வெட்டுறது? அதுக்கு ஜே.சி.குமரப்பாவைப் படிக்கணும்ங்க.

1892-ல தஞ்சாவூர்ல பிறந்தவர். லண்டன்ல கணக்கியல், பம்பாய்ல ஆடிட்டர் தொழில், அப்புறம் அமெரிக்காவுல கொலம்பியா பல்கலைக்கழகம்னு பக்கா கோட்டு சூட்டு ஆசாமி! 1929-ல காந்தியைச் சந்திச்சு கதருக்கு மாறினார். அந்த வருஷக் கடைசியிலதான் உலகப் பெருமந்தம். தானிய விலை சரிஞ்சு விவசாயி கடன்ல மூழ்கின காலம். 1934-ல காந்தி ஆரம்பிச்ச அகில இந்திய கிராமக் கைத்தொழில் சங்கத்துக்கு இவர்தான் செயலாளர். கடைசிக் காலத்துல இருந்தது எங்க சமயநல்லூர்லருந்து மதுரையைத் தாண்டித் தெக்கே போனா வர்ற தே.கல்லுப்பட்டி காந்தி நிகேதன்ல. மறைஞ்சது 1960 ஜனவரி 30, காந்தி செத்த அதே தேதி.

ஆனா இவர் சொன்ன சிக்கனம் கஞ்சத்தனம் இல்லை. தேவையைக் குறை, வாங்குறதை மில் எண்ணெய்க்குப் பதில் செக்கு எண்ணெயா, மில் அரிசிக்குப் பதில் கைக்குத்தல் அரிசியா வாங்கு. விலை கூடினாலும் அந்தக் காசு பக்கத்து ஊர்க்காரனுக்குக் கூலியாப் போகும். எல்லாரும் பர்ஸை மூடிட்டா செக்கு ஓட்டுறவர் வீட்டு அடுப்பு எப்படி எரியும்? என்னோட பட்ஜெட் எக்செல்ல இதுக்குக் கட்டமே கிடையாது :-)

ஒண்ணு மட்டும் இடிக்குது. சம்பளமே நின்னு போனவன்கிட்ட கூடுதல் விலை கொடுன்னு சொல்ல முடியுமா? வேலை இருக்கிறவனுக்குத்தான் இது பொருந்தும்னு தோணுது. நீங்க என்ன சொல்றீங்க மக்களே?