எம்ஹெச்370: அந்த இரவின் பதிவேடு சொல்வது

2014 மார்ச் 8 அதிகாலை 12:42-க்கு மலேசியா ஏர்லைன்ஸின் போயிங் 777 விமானம் ஒன்று கோலாலம்பூரிலிருந்து பெய்ஜிங்குக்குப் புறப்பட்டது. அதில் ஐந்து இந்தியர் உட்பட 239 பேர் இருந்தனர். அந்த எம்ஹெச்370 விழுந்த இடம் இன்னும் கண்டறியப்படவில்லை. இதைப் பற்றி எழுதப்பட்டவற்றில் பெரும்பகுதி ஒரே கேள்வியைச் சுற்றி வருகிறது: விமானி அறையில் இருந்தவர் விமானத்தை ஏன் திசைதிருப்பினார்? கையிலுள்ள சான்றுகள் இக்கேள்விக்கு விடை தாரா. ஆனால் விமானம் பறந்துகொண்டிருந்த ஏழு மணி நேரத்துக்கும் மேலான காலத்தில் அதை ஏன் ஒருவரும் தேடவில்லை என்ற கேள்விக்கு விடை உண்டு. அது மலேசியப் புலனாய்வுக் குழு 2018 ஜூலையில் வெளியிட்ட இறுதி அறிக்கையிலேயே இருக்கிறது. ஆய்வுலகம் அழுத்தம் தர வேண்டியது அதற்கே என்பது என் வாதம்.

அதிகாலை 1:19-க்குக் கோலாலம்பூர்க் கட்டுப்பாட்டாளருக்கு விமானத்திலிருந்து கடைசியாக விடைபெறும் குரல் வந்தது. இரண்டு நிமிடத்தில், இகாரி என்ற வழிப்புள்ளியைத் தாண்டியதும், ரேடாருக்கு விமானத்தை அடையாளம் காட்டும் டிரான்ஸ்பாண்டர் சமிக்ஞை நின்றது. ஒரு நாட்டின் கட்டுப்பாடு முடிந்து மற்றொரு நாட்டின் கட்டுப்பாடு தொடங்கும் இடம் அது. விமானத்தை ஏற்க வேண்டிய ஹோ சி மின் நகரக் கட்டுப்பாட்டு மையம் 1:39-க்குத்தான் அதைக் காணோமே என்று கேட்டது. அதன் பிறகு நடந்தது அதைவிடக் கவலைக்குரியது. விமானம் கம்போடிய வான்வெளியில் இருப்பதாக விமான நிறுவனத்தின் இயக்க மையம் தகவல் தந்தது. அந்தத் தகவல், திட்டமிட்ட பாதையில் விமானம் இந்நேரம் எங்கே இருக்க வேண்டும் என்று கணினி தானாகக் கணித்துக் காட்டிய இடம். யாரும் பார்த்த இடமன்று. இது 3:30 அளவில்தான் தெளிவாயிற்று. தேடுதல், மீட்பு ஒருங்கிணைப்பு மையம் 5:30-க்கு இயங்கத் தொடங்கியது. ஆபத்து நிலை 6:32-க்கு அறிவிக்கப்பட்டது. அப்போதும் விமானம் பறந்துகொண்டுதான் இருந்தது.

இதற்கெல்லாம் முன்பே, டிரான்ஸ்பாண்டர் நின்றதிலிருந்து, மலேசிய ராணுவ ரேடாரில் விமானம் திரும்பிப் பினாங்குக்குத் தெற்கே கடந்து மலாக்கா நீரிணை வழியாக வடமேற்கே போவது பதிவாகிக்கொண்டிருந்தது. 2:22 வரை பதிவு உண்டு. நட்பு விமானம் என்று கருதியதால் எவரும் தடுத்துக் கேட்கவில்லை. அந்தப் பதிவு இருந்தும், தென்சீனக் கடலில் தேடுதல் ஒரு வாரம் நீடித்து, மார்ச் 15 அன்றுதான் கைவிடப்பட்டது. கடலடியில் அன்றைய கருப்புப் பெட்டியின் ஒலிப்பான் சுமார் 30 நாள்தான் ஒலிக்கக்கூடியதாக இருந்தது. அதில் ஒரு வாரம் போயிற்று.

விமானம் தெற்கே போனது என்று நமக்குத் தெரிவது இன்மார்சாட் நிறுவனத்தின் தரவால். தரை நிலையம் ஏறத்தாழ மணிக்கொரு முறை விமானத்தின் கருவியை இருக்கிறாயா என்று கேட்க, கருவி பதில் தந்தது. கடைசிப் பரிமாற்றம் காலை 8:19-க்கு. சமிக்ஞை போய்வர ஆன நேரம் செயற்கைக்கோளுக்கும் விமானத்துக்கும் இடையிலான தூரத்தைத் தந்தது. அதிலிருந்து, விமானம் இருந்திருக்கக்கூடிய இடங்களைக் காட்டும் வளைவுகள் வரையப்பட்டன. வடக்கா தெற்கா என்று பிரித்தறிய அதிர்வெண் மாற்றம் உதவியது. வயதான அந்தச் செயற்கைக்கோள் தன் நிலையிலிருந்து சற்றே ஆடிக்கொண்டிருந்ததுதான் இதைச் சாத்தியமாக்கியது. அது அசையாமல் நின்றிருந்தால் இரு திசைகளும் ஏறத்தாழ ஒன்றாகவே தெரிந்திருக்கும். பின்னர் 2015 ஜூலையில் ரீயூனியன் தீவில் ஒதுங்கிய பிளாப்பரான் என்ற இறக்கைப் பாகம் இக்கணக்கை உறுதிப்படுத்தியது. இவ்வளவு நுட்பமான ஊகம் அறிவியல் வரலாற்றில் போற்றத்தக்கது. ஆயினும் வளைவு என்பது கோடு, புள்ளி அன்று. ஆஸ்திரேலியா தலைமையில் 1,20,000 சதுர கிலோமீட்டரும், 2018-இல் ஓஷன் இன்ஃபினிட்டி நிறுவனம் சுமார் 1,12,000 சதுர கிலோமீட்டரும் தேடிக் கண்டது வெறும் கடலடி.

விமானத்தை வேண்டுமென்றே திருப்பி வீழ்த்தினார் என்று அதன் கேப்டன் மீது சுமத்தப்படும் குற்றச்சாட்டுக்கு வருவோம். அவர் வீட்டு சிமுலேட்டரில் இந்தியப் பெருங்கடலின் தென்பகுதியை நோக்கிச் செல்லும் புள்ளிகள் கிடைத்தன. இது கனமான செய்திதான், புறந்தள்ள இயலாது. ஆனால் ஒரு மனிதரை 238 பேரைக் கொன்றவர் என்று எழுத இது போதுமா? விமானம் திரும்பியது கையால் இயக்கியதாகவே தெரிகிறது என்று கூறும் இறுதி அறிக்கை, மூன்றாமவர் தலையீட்டையும் விலக்க முடியாது என்கிறது. காரணத்தைத் தீர்மானிக்க இயலவில்லை என்பதே அதன் முடிவு. பலரும் இதைக் கோழைத்தனம் என்றனர். எனக்கு அது நேர்மையாகவே படுகிறது. இறந்தவர் மறுமொழி சொல்ல மாட்டார். அவர் குடும்பம் அந்தப் பெயரோடு வாழ வேண்டும்.

விமானம் கிடைத்தாலும் யார், ஏன் என்ற கேள்வி தீராமல் போகலாம். குரல் பதிவுக் கருவி கடைசி இரண்டு மணி நேரத்தை மட்டுமே வைத்திருக்கும் வகை. இகாரியில் திரும்பியபோது பேசப்பட்டது எதுவாயினும் விமானம் விழுமுன்பே அழிந்திருக்கும். 25 மணி நேரப் பறப்புத் தரவுப் பதிவே ஓரளவு பேசக்கூடும். நோக்கத்தைத் தேடுவோர் இந்தத் தொழில்நுட்ப உண்மையை ஏனோ எளிதில் தாண்டிப் போகிறார்கள்.

அந்த இரவின் பிழைகளோ ஆவணத்தில் இருக்கின்றன. சில திருத்தவும் பட்டன. 15 நிமிடத்துக்கொரு முறை விமானத்தின் இடத்தை நிறுவனம் அறிய வேண்டும் என்று சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பு விதித்தது 2018 நவம்பரில் நடைமுறைக்கு வந்தது. ஒலிப்பானின் ஆயுள் 90 நாளாக நீட்டப்பட்டது. இறுதி அறிக்கை வெளியான மறுநாளே மலேசிய சிவில் விமானப் போக்குவரத்து ஆணையத்தின் தலைவர் பதவி விலகினார்.

2025 மார்ச்சில் மலேசிய அரசு ஓஷன் இன்ஃபினிட்டியுடன் மறுபடியும் ஒப்பந்தம் செய்தது: புதிதாக 15,000 சதுர கிலோமீட்டர், கண்டுபிடித்தால் மட்டுமே 7 கோடி டாலர். தேடுவதை வரவேற்கிறேன். ஆனால் நட்டத்தின் சுமை முழுவதையும் தனியார் நிறுவனத்தின் தலையில் வைப்பது சரியன்று. அந்த இரவில் தவறியவை அரசின் ரேடாரும் அரசின் கட்டுப்பாட்டு மையமும். ஆகவே விமானம் கிடைக்கும்வரை தேடுதலுக்கான செலவை மலேசிய அரசே ஏற்க வேண்டும்.