கயிற்றுக்கு வெளியே நிற்பவர்: தொழிற்கதிர்ப்படப் பணியில் கதிர்மூலம் தவறும்போது

வள்ளியூரிலிருந்து கூடங்குளத்துக்கு வேலைக்குப் போகிறவர்களிடம் கதிர்வீச்சைப் பற்றிக் கேட்டால் பேச்சு அணு உலையில் போய் நிற்கும். 2011இல் அந்த உலையை எதிர்த்து நடந்த இடிந்தகரைப் போராட்டத்துக்குப் பின் பொது விவாதமும் அங்கேயே நிற்கிறது. அந்தக் கவலை நியாயமானது. ஆனால் இப்படிப்பட்ட பெருங்கட்டுமானங்களில் உலைக்கு எரிபொருள் வருவதற்குப் பல ஆண்டுகள் முன்பே கதிர்வீச்சு வந்துவிடுகிறது. வெல்டிங் இணைப்புகளுக்குள் விரிசல் உண்டா என்று படமெடுக்கும் இரிடியம்-192தான் அது. அந்தக் கதிர்மூலம் கைதவறும்போது நேரும் கேட்டின் அளவை, மீட்க வரும் நிபுணரைவிட எச்சரிக்கைக் கயிற்றுக்கு வெளியே வேலை செய்யும் சாதாரணத் தொழிலாளியே தீர்மானிக்கிறார் என்பது என் வாதம்.

வேலை முறை எளிது. 'கேமரா' எனப்படும் கனத்த கவசப் பெட்டிக்குள் மூலம் இருக்கும். கைப்பிடியைச் சுற்றினால் கம்பிவடம் அதைக் குழாய் வழியே இணைப்பின் அருகே தள்ளும். படம் எடுத்ததும் திருப்பிச் சுற்றி உள்ளே இழுப்பார்கள். வடத்தின் கொக்கி சரியாக மாட்டாவிட்டால் கைப்பிடி வழக்கம்போலச் சுற்றும், மூலம் மட்டும் வெளியே கிடக்கும். கதிர்வீச்சை அளக்கும் சர்வே மீட்டரோடு கேமரா வரை நடந்து அளந்தால்தான் இது தெரியும். ஒவ்வொரு படத்துக்குப் பின்னும் செய்யவேண்டிய இந்த நடையைத்தான், இரவு வேலையில் படங்களின் எண்ணிக்கை நெருக்கும்போது முதலில் விட்டுவிடுகிறார்கள்.

1999 பிப்ரவரி 20 அன்று பெரு நாட்டின் யனாங்கோ நீர்மின் நிலையத்தில் 1.37 டெராபெக்கரல் இரிடியம் இப்படித் தவறியது. ஒரு வெல்டர் அதை எடுத்துக் கால்சட்டையின் பின்பையில் போட்டுக்கொண்டு மணிக்கணக்கில் வேலை செய்தார். தொடை வலித்தது, பூச்சிக்கடி என்றார் மருத்துவர். இரவில் எடுத்த படச்சுருள் வெறுமையாக வந்த பிறகே மூலம் காணவில்லை என்று தெரிந்தது. வெல்டர் வலது காலை இழந்தார். அந்த அளவுள்ள மூலத்திலிருந்து ஒரு மீட்டர் தள்ளி நின்றால் மணிக்குச் சுமார் 180 மில்லிசீவர்ட். கதிர்ப்பணியாளருக்கு இந்தியாவில் அனுமதிக்கப்படும் சராசரி ஆண்டளவான 20 மில்லிசீவர்ட் ஏழே நிமிடத்தில் தீர்ந்துவிடும். பத்து மீட்டர் விலகினால் வீச்சு நூறில் ஒரு பங்காகும். சட்டைப்பையிலோ, தோலுக்கும் அதற்கும் இடையே துணி மட்டுமே.

1984இல் மொராக்கோவின் முகமதியாவில் வடத்திலிருந்து கழன்ற மூலம் ஒருவர் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தது. எட்டுப் பேர் இறந்தனர். 1996இல் ஈரானின் கிலானிலும் ஒரு தொழிலாளி இத்தகைய மூலம் ஒன்றை எடுத்து மார்புப் பையில் வைத்தார். இவர்களை அறியாமைக்காரர்கள் என்று ஒதுக்குவது தவறு. பளபளப்பான உருளை நுனியோடு வளையும் ஒரு எஃகுத் துண்டு தரையில் கிடந்தால், உலோகத்தின் மதிப்பறிந்த கை அதை எடுக்கத்தான் செய்யும். தொழில் தந்த பழக்கம் அது.

நம் ஏற்பாடுகள் இந்தக் கையை எட்டவில்லை. 2004ஆம் ஆண்டின் அணுசக்தி கதிர்வீச்சுப் பாதுகாப்பு விதிகள் உரிமம், கதிரியல் பாதுகாப்பு அலுவலர், பணியாளரின் கதிரளவுக் கண்காணிப்பு எல்லாவற்றையும் வற்புறுத்துகின்றன. கதிரளவைப் பதியும் டிஎல்டி பேட்ஜ் அணிந்தவருக்குப் பயிற்சி உண்டு. பக்கத்துச் சாரத்தில் நிற்கும் ஒப்பந்தத் தொழிலாளிக்கு மஞ்சள் கயிறும் எச்சரிக்கைப் பலகையும்தான். 2010இல் தில்லி மாயாபுரியில் கோபால்ட்-60 பழைய இரும்புக் கடைக்குப் போய் ஒருவர் உயிரைப் பறித்தபோதும், அதைத் தொட்டவர்கள் எந்தப் பயிற்சிப் பட்டியலிலும் இல்லாதவர்களே.

விளக்கிச் சொன்னால் பீதி பரவும் என்பார்கள். கூடங்குளம் வட்டாரத்தில் இந்த வாதத்துக்கு இடமே இல்லை. 2013 மே மாதத் தீர்ப்பில் உலை இயங்கலாம் என்ற உச்ச நீதிமன்றமே பாதுகாப்புக்காகப் பதினைந்து கட்டளைகளையும் இட்டது. இங்கே மக்கள் ஆண்டுக்கணக்கில் கேட்டது விளக்கத்தைத்தான். மூலத்தின் போலி மாதிரி ஒன்றைக் காலைக் கூட்டத்தில் கையில் கொடுத்துக் காட்டி, 'இதைக் கண்டால் தொடாதே, விலகு, மற்றவரை விலக்கு, ஆள் அனுப்பு' என்று தமிழிலும் இந்தியிலும் சொல்ல ஐந்து நிமிடம் போதும். மூலத்தை மீட்பது நீள இடுக்கியும் ஈயக் கவசமும் முன்கூட்டித் திட்டமிட்ட நேரக்கணக்கும் உள்ளவர் வேலை. அவர் வரும்வரை தூரமே காப்பு.

இரும்புக் கடைக்காரருக்கும் அதே மாதிரியைக் காட்ட வேண்டும். வள்ளியூர் அரசு மருத்துவமனையின் புறநோயாளிப் பிரிவில், சூடுபட்ட நினைவில்லாமல் தொடையிலோ விரலிலோ கொப்புளத்தோடு வரும் கட்டுமானத் தொழிலாளியிடம், வேலையிடத்தில் ஏதாவது உலோகத் துண்டைக் கண்டெடுத்தாரா என்று மருத்துவர் கேட்க வேண்டும்.