பூப்பந்தை மாற்றிய வலை

பூப்பந்து என்றதும் மட்டையும் இறகுப் பந்தும்தான் முதலில் நினைவுக்கு வரும். ஆனால், ஒரு பொழுதுபோக்கைப் போட்டி விளையாட்டாக மாற்றியதில் பெரும் பங்கு நடுவில் கட்டப்பட்ட வலைக்கு உண்டு. அந்த வலைக்கும் ஒரு வரலாறு இருக்கிறது.

இங்கிலாந்தில் நெடுங்காலமாக ஆடப்பட்ட பழைய ஆட்டத்தில் வலையே கிடையாது. இருவர் எதிரெதிரே நின்று, பந்து தரையில் விழாமல் எத்தனை முறை தட்டுகிறோம் என்று எண்ணுவார்கள். பந்து விழுந்தால் அது இருவருக்குமே தோல்வி.

19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இந்தியாவின் பூனா நகரில் இருந்த பிரிட்டிஷ் அதிகாரிகள் வலை கட்டி ஆடினர். 1870களில் அங்கு விதிகளும் உருவாயின. வலை வந்ததும் ஆட்டத்தின் நோக்கமே தலைகீழானது. பந்தைக் காப்பாற்றிய இருவரில் ஒருவர், இப்போது அதை மற்றவர் பக்கம் விழ வைக்க முயன்றார்.

1893-இல் இங்கிலாந்தில் பூப்பந்துச் சங்கம் தோன்றியது. அக்காலத்தில் ஆடுகளம் உடுக்கையைப் போல, வலை கட்டும் இடத்தில் மட்டும் குறுகி இருந்தது. 1901-இல்தான் அது இன்றுள்ள செவ்வக வடிவத்தைப் பெற்றது.

இன்றைய விதிப்படி கம்பங்களின் உயரம் 1.55 மீட்டர். வலையின் மேல் விளிம்பு நடுவில் 1.524 மீட்டர், அதாவது சரியாக 5 அடி. ஓரத்தைவிட நடுப்பகுதி சுமார் ஓர் அங்குலம் தாழ்ந்திருக்கும். வலையின் அகலம் மேலிருந்து கீழாக 76 சென்டிமீட்டர். கண்ணிகள் 15 முதல் 20 மில்லிமீட்டருக்குள் இருக்க வேண்டும். அப்போதுதான் பந்து ஊடே நுழையாது. கயிறு அடர்ந்த நிறத்திலும் மேல் விளிம்பு நாடா வெள்ளையிலும் இருப்பதால், வலையின் உச்சி ஆட்டக்காரர் கண்ணுக்குத் தெளிவாகத் தெரியும்.

பந்து ஆட்டத்தில் இருக்கும்போது மட்டையோ உடலோ உடையோ வலையில் பட்டால் அது தவறு. முன்பு சர்வீஸ் போடுபவர் மட்டுமே புள்ளி எடுக்க முடியும். 2006-இல் அந்த முறை மாறிய பிறகு, சட்டையின் நுனி உரசினாலும் எதிரணிக்கு ஒரு புள்ளி போய்விடும்.

இந்த அளவுகள் எல்லா நாட்டுக்கும் பொது. அதன் பயனை மலாயா நேரில் கண்டது. 1949-இல் இங்கிலாந்தின் பிரெஸ்டன் நகரில் நடந்த முதல் தாமஸ் கிண்ண இறுதியாட்டத்தில், வோங் பெங் சூன் இடம்பெற்ற மலாயா அணி டென்மார்க்கை 8-1 என வீழ்த்தியது. அப்போது மலாயா இன்னும் பிரிட்டிஷ் ஆட்சியில்தான் இருந்தது. 1971-இல் பஞ்ச் குணாளன், இங் பூன் பீயுடன் இணைந்து அகில இங்கிலாந்து இரட்டையர் பட்டத்தை வென்றார்.

ஆண்டவருக்கும் ஆளப்பட்டவருக்கும் வலையின் உயரம் ஒன்றாகவே இருந்தது. திறமையைக் காட்ட நம்மவர்களுக்கு வேண்டியிருந்ததும் அந்தச் சமநிலைதான். அடுத்த முறை ஆட்டம் பார்க்கும்போது பந்தோடு சேர்த்து அந்த வலையையும் சற்றுக் கவனியுங்கள்.