மோட்டிலின்

மோட்டிலின், சிறுகுடலின் தொடக்கப் பகுதியான முன்சிறுகுடலில் அதிகமாகச் சுரக்கும் ஹார்மோன். 22 அமினோ அமிலங்கள் கோத்தது. சாப்பிட்ட வயிற்றைவிட வெறும் வயிற்றில்தான் இதற்கு வேலை அதிகம்.

1899இல் லண்டனில் உடலியலாளர்கள் பேலிசும் ஸ்டார்லிங்கும் குடலசைவை விளக்கினார்கள்: உணவுக்கு மேலே குடல் சுருங்கும், கீழே தளரும். இதை நரம்பின் வேலை என்றார்கள். 1902இல் அதே இருவர் செக்ரெட்டினைக் கண்டறிந்தபோதும், குடல் ஹார்மோன் என்றால் செரிமான நீரைச் சுரக்கவைப்பது என்ற எண்ணமே நிலைத்தது.

அதை அசைத்தவர் கனடாவின் வான்கூவரில் ஆய்வு செய்த ஜான் பிரவுன். 1966இல் அவர் குழு நாயின் முன்சிறுகுடலுக்குள் காரக் கரைசலைச் செலுத்தியது. வயிற்றிலிருந்து தனியே பிரித்து, நரம்புத் தொடர்பும் அறுக்கப்பட்ட இரைப்பைத் துண்டு சுருங்கத் தொடங்கியது. நரம்பு இல்லையென்றால் சேதி இரத்தத்தின் வழியாகத்தான் போயிருக்க வேண்டும். ஸ்டாக்ஹோமின் விக்டர் மூட்டுடன் சேர்ந்து, பன்றிக் குடல் சாற்றிலிருந்து மோட்டிலினைப் பிரித்தெடுத்தார் பிரவுன். 1973இல் அமினோ அமில வரிசையும் வெளிவந்தது.

ஆனாலும் இது எதற்கு என்பது புரியவில்லை. விடை ஜப்பானின் குன்மா பல்கலைக்கழகத்தில் கிடைத்தது. உண்ணாதிருக்கும் நாயின் குடலில் ஓர் அலை மேலிருந்து கீழாக நகர்வதை 1969இலேயே ஆய்வாளர் சுர்ஷெவ்ஸ்கி பதிவு செய்திருந்தார். அந்த அலை இரைப்பையிலும் முன்சிறுகுடலிலும் எழும் நேரமும், இரத்தத்தில் மோட்டிலின் ஏறும் நேரமும் ஒன்றே என்று 1970களின் பிற்பாதியில் குன்மாவின் இத்தோ ஸென் காட்டினார். மனிதரில் ஏறத்தாழ 90 முதல் 120 நிமிடங்களுக்கு ஒருமுறை இது வரும். முன்சிறுகுடல் நிமிடத்துக்குப் பதினொரு முறைபோல இறுகி, மிச்சம் மீதியையும் கிருமிகளையும் கீழே தள்ளும். பந்தி முடிந்ததும் இலை எடுப்பதைப் போல. பசித்த வயிறு கடமுடவென்று உருளுவதில் இதற்குப் பங்குண்டு. ஒரு வாய் சோறு உள்ளே போனால் அலை அடங்கிவிடும்.

கிருமிக்கொல்லியான எரித்ரோமைசின் மாத்திரை வயிற்றைப் புரட்டுவதற்கும் இத்தகைய அசைவே காரணம். அந்த மருந்து நாயின் குடலில் மோட்டிலினைப் போலவே நடந்துகொள்வதை 1984இல் இத்தோ குழு கண்டது. தொந்தரவாக இருந்த அந்தப் பக்கவிளைவே, நீரிழிவால் மந்தமான இரைப்பைக்கு மருந்தாயிற்று. நாள்பட்டால் பலன் குறையும் என்பதுதான் குறை. இரண்டும் போய் ஒட்டும் மோட்டிலின் ஏற்பி 1999இல் அடையாளம் காணப்பட்டது.

ஆய்வுக்கூட எலிக்கும் சுண்டெலிக்கும் மோட்டிலின் கிடையாது. அதனால் ஆராய்ச்சி நெடுங்காலம் நாயையே நம்பியிருந்தது. கையடக்கமான மாற்றைத் தேடிய ஜப்பானியர்களுக்குப் பிற்பாடு கைகொடுத்தது, எலியென்று நாம் தவறாக நினைக்கும் பிள்ளையாரின் மூஞ்சூறு.